கோப்பி ஓ நிறத்தில் சிறுநீர்: ஒரு டிங்கி நோயாளியும் அவர் அக்கா மகனும்

2019-இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி (டெங்கு) பதிவானது; 182 பேர் இறந்தார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வார்டு வேலை பார்த்த யாருக்கும் அந்த ஆண்டு மறக்காது. ஒரு கட்டில் காலியாவதற்குள் அடுத்தவர் சக்கர நாற்காலியில் வந்து காத்திருப்பார். அந்த ஜூலை மாதத்தில் எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றியது இந்தக் குறிப்பு. எழுதுவதற்கு அவரும் குடும்பத்தாரும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வயது 41. செந்தூலில் அடுக்குமாடி வீடு, லாரி ஓட்டுநர். சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. முன்பு மருத்துவமனையில் படுத்ததில்லை. 1978-இல் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), மருத்துவச்சி கையில் பிறந்தவர். இந்தக் கடைசித் தகவலை முதல் நாள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி வேலை அன்றே முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பை அடித்துப் போட்டது போல் அசதி. பனடோல் (பாரசிட்டமால்) போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். புதன்கிழமை வீட்டருகே கிளினிக்கில், டிங்கி வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை பாசிட்டிவ். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 132,000, ஹீமோகுளோபின் 14.2, ஹெமட்டோக்ரிட் 42 விழுக்காடு. தினமும் வந்து இரத்தம் பார்க்கச் சொல்லிக் கண்காணிப்பு அட்டை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அம்மா பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. அன்று மதியம் மூன்று முறை வாந்தி, மேல்வயிற்றில் வலி. எங்களிடம் வந்தார்.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்பதை இங்கே பலரும் இப்போது அறிந்திருக்கிறார்கள். இரத்தக் குழாய்ச் சுவர் இளகி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். நீர் போய்விட்டால் மிஞ்சுவது கெட்டியான இரத்தம்; அதில் சிவப்பணுக்களின் பங்கு கூடும். அந்தப் பங்கைக் காட்டும் எண்தான் ஹெமட்டோக்ரிட். அது ஏறினால் கசிவு. திடீரென்று இறங்கி, நோயாளியும் மோசமானால் எங்கோ இரத்தப்போக்கு. டிங்கி வார்டில் இரவு முழுக்க நாங்கள் துரத்துவது இந்த ஒரு எண்ணைத்தான்.

முதல் இரவு

வெள்ளி மாலை 5 மணிக்கு ஹெமட்டோக்ரிட் 41. இரவு 9 மணிக்கு 40. தட்டணுக்கள் 44,000. பணியில் இருந்த இளம் மருத்துவர், "ஏறலை டாக்டர், கசிவு இல்லை போல" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

ஏனென்றால் ஆளைப் பார்த்தால் அந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. நாடித் துடிப்பு 112. இரத்த அழுத்தம் 104-க்கு 84. இரண்டுக்கும் இடைவெளி 20 மட்டுமே. கைவிரல்கள் சில்லென்றிருந்தன. நள்ளிரவுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தபோது வலது நுரையீரலைச் சுற்றி நீர், பித்தப்பைச் சுவரில் வீக்கம். கசிவு இருக்கிறது, சந்தேகமே இல்லை. பிறகு ஏன் ஹெமட்டோக்ரிட் ஏறவில்லை?

இதற்கிடையில் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு முறை போன். "மாதிரி கெட்டுப்போச்சு, பொட்டாசியம் பார்க்க முடியாது, திரும்ப எடுத்து அனுப்புங்க." ஊசியால் இழுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் சோதனைக்குழாயில் மேலே நிற்கும் நீர் சிவந்துவிடும். இளம் மருத்துவர்கள் அவசரத்தில் எடுத்தால் அப்படி ஆவது சகஜம். முதல் முறை அவரைக் கடிந்துகொண்டேன். இரண்டாம் முறை நானே எடுத்தேன், பெரிய இரத்தக் குழாயில், நிதானமாக. அதுவும் சிவப்பு.

விடியற்காலை நான்கரை மணிக்குத் தாதி சிறுநீர்க் குடுவையைக் கொண்டுவந்து காட்டினார். "டாக்டர், கோப்பி ஓ மாதிரி இருக்கு." பால் கலக்காத கறுப்புக் கோப்பி. அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

காலை 6 மணி: ஹீமோகுளோபின் 10.8, ஹெமட்டோக்ரிட் 32. கண் வெள்ளை மஞ்சளடித்திருந்தது.

எதை எதையெல்லாம் சந்தேகித்தோம்

முதலில் வந்தது இரத்தப்போக்கு என்ற பயம். தட்டணு குறைந்த டிங்கி நோயாளிக்கு ஹீமோகுளோபின் சரிந்தால் வேறு எதை நினைப்பது? மலம் கறுப்பாக இல்லை. வயிற்றில் மெல்லிய நீர் மட்டுமே, இரத்தக் கட்டி இல்லை. ஈறு, மூக்கு சுத்தம்.

சிறுநீரில் இரத்தமா? சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனையில் இரத்தம் மூன்று கூட்டல், அதாவது நிறைய. உருப்பெருக்கியில் பார்த்தால் சிவப்பணு ஒன்றுகூட இல்லை. இந்த முரண்பாடு பொன்னானது. பட்டை அறிவது ஹீமோகுளோபினை. அது சிவப்பணுவுக்குள் இருக்கிறதா, தனியாக மிதக்கிறதா என்று அதற்குத் தெரியாது. தசை சிதைந்து வரும் மையோகுளோபினும் அதே நிறத்தைக் காட்டும். டிங்கி தசையைத் தாக்குவதுண்டு. ஆனால் தசை நொதி சற்றே கூடியிருந்தது, அவ்வளவுதான். இந்தக் கறுப்பு நிறத்துக்கு அது போதாது. மேலும் மையோகுளோபின் இரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சிவப்பாக்குவதில்லை. சிறுநீரகம் அதை உடனே வடித்துவிடும். இவருக்கோ இரண்டும் சிவந்திருந்தன.

எனவே சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே, குழாய்க்குள்ளேயே உடைந்துகொண்டிருந்தன. இளம் மருத்துவரின் கையில் ஒரு குறையும் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது அந்த ஏறாத ஹெமட்டோக்ரிட்டின் புதிரும் அவிழ்ந்தது. ஒரு பக்கம் நீர் கசிந்து எண்ணை மேலே தள்ளுகிறது. மறுபக்கம் சிவப்பணு உடைந்து கீழே இழுக்கிறது. வரவும் செலவும் சமமானால் கணக்குப் புத்தகத்தில் எதுவுமே நடக்காதது போலத்தான் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பொய்யான அமைதியை.

அக்கா வந்த நேரம்

சனிக்கிழமை காலை பார்வையாளர் நேரத்தில் நோயாளியின் அக்கா சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். மருந்து ஒவ்வாமை உண்டா, குடும்பத்தில் இரத்த நோய் உண்டா என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லீங்க டாக்டர்" என்றே வந்தது. கடைசியில், "வீட்டுல யாருக்காவது பாச்சா உருண்டை ஆகாது, சில மாத்திரை ஆகாதுன்னு சொல்லியிருக்காங்களாக்கா?" என்றேன்.

"ஆமா டாக்டர், என் மவன் பொறந்தப்போ சொன்னாங்க. துணியில பாச்சா உருண்டை போடாதீங்க, சீன மருந்து குடுக்காதீங்க, காச்சாங் பாராங் சாப்பிடாதீங்கன்னு ஒரு அட்டை குடுத்தாங்க. அது அவனுக்கு இருக்கற கொறைதானே? தம்பிக்கு என்ன?"

மலேசிய அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில், சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்க்கிறார்கள். அக்கா மகன் அந்த வலையில் சிக்கினான். லயத்தில் பிறந்த தாய்மாமனை யாரும் சோதித்ததில்லை.

இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றே. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்குக் குறை என்றால், அரிதாகப் புதிதாக நேர்ந்த மாற்றத்தை விட்டுவிட்டால், தாய் அதைச் சுமக்கிறார். அந்தத் தாய்க்கு அது பெரும்பாலும் அவருடைய தாயிடமிருந்து வந்திருக்கும். அப்படியானால் அந்தப் பாட்டியின் மகன்களுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமனைத் தேடுகிற நாம், இந்த வகை நோயிலும் அவரைத்தான் முதலில் தேட வேண்டும். நான் படித்த பாடநூல்கள் இதற்கு வட்டமும் சதுரமுமாக வம்சப் படம் போட்டு விளக்கும். அக்காவுக்கு, "மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே பாட்டி சொத்து" என்றதும் புரிந்துவிட்டது.

அப்போதே கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தப் பூச்சை உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னோம். சிவப்பணுக்கள் ஓரத்தில் யாரோ கடித்தது போல் குறைந்திருந்தன. தனிச் சாயம் ஏற்றியபோது அணுக்களுக்குள் ஹைன்ஸ் துகள்கள், அதாவது திரிந்த ஹீமோகுளோபின் கட்டிகள். கூம்ஸ் சோதனை நெகட்டிவ். எனவே எதிர்ப்பொருள் தாக்கி உடைப்பது அல்ல.

ஆனால் ஜி6பிடி ஒளிர்ப்புள்ளிச் சோதனையின் முடிவு "இயல்பு" என்று வந்தது.

இந்த இடத்தில் பலர் கைவிட்டுவிடுவார்கள். கைவிடக் கூடாது. காரணத்தை அறிய அந்த நொதி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நொதியின் வேலை

ஜி6பிடி என்பது 515 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். குளுக்கோஸைக் கிளைப்பாதை ஒன்றில் திருப்பி, என்ஏடிபிஎச் என்ற பொருளை உண்டாக்கும் முதல் படியை இது நடத்துகிறது. அந்த என்ஏடிபிஎச்தான் குளூட்டாதயோனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது; குளூட்டாதயோன் அணுவை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கிறது. மற்ற செல்களுக்கு என்ஏடிபிஎச் உண்டாக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை, உட்கருவும் இல்லை. புதிய புரதம் செய்யவும் முடியாது. எலும்பு மஜ்ஜையில் பிறந்தபோது கொண்டுவந்த சீதனத்தை வைத்துக்கொண்டே ஏறத்தாழ 120 நாள் குடித்தனம் நடத்த வேண்டும்.

குறைபாடுள்ளவரின் நொதி பெரும்பாலும் உறுதியற்றது. புது அணுவில் ஓரளவு இருக்கும். அணு முதிர முதிரக் கரைந்துபோகும். சாதாரண நாட்களில் அதுவே போதும். காய்ச்சல் வந்தால் வெள்ளணுக்கள் கிருமியோடு சண்டையிட ஆக்சிஜனேற்றப் பொருட்களை அள்ளி வீசும். பக்கத்தில் போகும் சிவப்பணுவும் அந்தச் சூட்டில் சிக்கும். காப்பு இல்லாத முதிய அணுக்களில் ஹீமோகுளோபின் திரிந்து கட்டியாகும். அதுதான் ஹைன்ஸ் துகள். மண்ணீரல் அந்தக் கட்டியைப் பிய்த்தெடுக்கும். அதுதான் கடித்த தடம். மிச்சம் குழாயிலேயே வெடிக்கும்.

ஆகவே நெருக்கடியின் நடுவில் இரத்தம் எடுத்தால், நொதியற்ற கிழட்டு அணுக்கள் ஏற்கெனவே அழிந்திருக்கும். மிஞ்சியவையும், மஜ்ஜை அவசரமாக அனுப்பியவையும் இளசுகள். அவற்றில் நொதி இருக்கிறது. சோதனை இயல்பு என்று காட்டும். எங்கள் நோயாளியின் இரத்தத்தில் அன்று இளஞ்சிவப்பணுக்கள் 8 விழுக்காடு, இயல்பைவிடப் பல மடங்கு. கலவரம் நடந்த ஊரில் மறுநாள் தலை எண்ணி, "இங்கே முதியவர்களே கிடையாது" என்று எழுதிப் போவது போன்றது அந்த முடிவு. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, குறைபாடு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு சிகிச்சை செய்தோம்.

வைரஸின் பக்கம்

டிங்கி வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட ஒரே ஆர்என்ஏ இழை. அதிலிருந்து ஒரே நீளப் புரதம் உருவாகி, பத்துத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. மூன்று துண்டுகள் வைரஸின் உடலைக் கட்டுகின்றன. மற்ற ஏழும் நம் செல்லை வசப்படுத்தும் வேலைக்கு.

கிளினிக்கில் பட்டையில் கோடாகத் தெரிவது அந்த ஏழில் ஒன்றான என்எஸ்1. பாதிக்கப்பட்ட செல் அதை இரத்தத்தில் கொட்டுகிறது. இரத்தக் குழாயின் உள்பூச்சைச் சேதப்படுத்திக் கசிவுக்கு அது துணைபோகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. என்எஸ்5 வைரஸை நகலெடுக்கிறது. கூடவே ஸ்டாட்2 என்ற மனிதப் புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. ஸ்டாட்2 இல்லாவிட்டால், "வைரஸ் வந்துவிட்டது" என்று இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் தட்டும் கதவுக்கு உள்ளே பதில் கிடைக்காது. எலியின் ஸ்டாட்2-ஐ என்எஸ்5-ஆல் அப்படிப் பிடிக்க முடிவதில்லை. சாதாரண ஆய்வக எலிக்கு டிங்கி சரியாகப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம். ஒரு விலங்கின் புரதத்தில் உள்ள சின்ன வேறுபாடு ஒரு வைரஸுக்கு வாசலாகவோ சுவராகவோ ஆகிவிடுகிறது.

மனிதருக்குள்ளேயே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் அப்படிப்பட்ட வேறுபாடு உண்டா? ஜி6பிடி விஷயத்தில் உண்டு என்பதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. 2008-இல் தாய்வான் ஆய்வாளர்கள் குறைபாடுள்ளவர்களின் மோனோசைட் என்ற வெள்ளணுக்களில் டிங்கியின் இரண்டாம் வகை வைரஸை வளர்த்துப் பார்த்தார்கள். குறைபாடில்லாதவர்களின் அணுக்களைவிட அவற்றில் தொற்று அதிகமாக ஏறியது. மோனோசைட் டிங்கிக்குப் பிடித்த வீடு. அந்த அணு தன்னைக் காக்க வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடுக்கும் சூப்பர் ஆக்சைடுக்கும் என்ஏடிபிஎச் வேண்டும். கிடங்கில் சரக்கு இல்லாவிட்டால் காவலன் கையில் தடி இருக்காது.

இதைப் படித்துவிட்டு, "குறைபாடு இருந்ததால்தான் இவருக்கு டிங்கி முற்றியது" என்று சொல்ல ஆசை வரும். நான் சொல்ல மாட்டேன். கண்ணாடிக் குடுவையில் மோனோசைட் காட்டியது வேறு, வார்டில் ஒருவரின் இரத்தக் குழாய் கசிந்தது வேறு. இரண்டாம் முறை டிங்கி வருவதே கசிவின் ஆபத்தைக் கூட்டப் போதும். இவருக்குப் பள்ளிப் பருவத்தில் ஒரு முறை வந்ததாக அம்மா நினைவுகூர்ந்தார். சிவப்பணு உடைந்ததற்கு மட்டுமே நொதியின் மீது உறுதியாகக் கை நீட்டுவேன்.

தூண்டியது எது

குடும்பத்தில் இதுதான் பெரிய வழக்கு. மனைவி கச்சாங் பூத்தேயை (வறுத்த கடலை, பயறு நொறுக்குத் தீனியை) குற்றம் சாட்டினார். முந்தைய வெள்ளிக்கிழமை நோயாளி பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களோடு ஒரு பொட்டலம் தின்றிருக்கிறார். அதில் வறுத்த காச்சாங் பாராங் (ஃபாவா அவரை) இருந்திருக்கிறது. அந்த அவரை இந்தக் குறைபாட்டுக்கு உண்மையிலேயே ஆகாது. ஆனால் அது தாக்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் தாக்கும். இங்கே இடைவெளி எட்டு நாள். அம்மா கொடுத்த பப்பாளிச் சாற்றை அக்கா சந்தேகித்தார். அம்மா அழுதே விட்டார். அந்தச் சாறு இந்தக் குறைபாட்டில் தவிர்க்க வேண்டியவை என்ற வழக்கமான பட்டியலில் இல்லை. பனடோலும் சரியான அளவில்தான் போட்டிருந்தார். தொற்றே இந்த உடைப்புக்கு மிகச் சாதாரணமான தூண்டுதல். ஐந்தாம் நாள் காலக்கணக்கும் அதோடு பொருந்துகிறது. அம்மாவை இரண்டு முறை தனியே உட்கார வைத்து இதைச் சொன்னேன்.

சிகிச்சை

இங்கே கயிற்றின் மேல் நடக்க வேண்டியிருந்தது. உடைந்த ஹீமோகுளோபினைச் சிறுநீரகத்திலிருந்து அலசித் தள்ள நீர் நிறையக் கொடுக்க வேண்டும். கசிகிற டிங்கி நோயாளிக்கு நிறைய நீர் கொடுத்தால் அது நுரையீரலைச் சுற்றித் தேங்கும். மணிக்கு மணி சிறுநீர் அளவையும், உறுப்புகளுக்கு இரத்தம் போதாவிட்டால் ஏறும் லாக்டேட்டையும் பார்த்து நீரைக் கூட்டிக் குறைத்தோம். ஹெமட்டோக்ரிட்டை நம்புவதை நிறுத்திவிட்டோம். நாடி, கை வெப்பம், அழுத்த இடைவெளி இவைதான் வழிகாட்டின. ஞாயிறு காலை ஹீமோகுளோபின் 6.9-க்கு இறங்கியதும் இரண்டு பை சிவப்பணு ஏற்றினோம். சிறுநீரகம் சோர்ந்தால் ஏறும் கிரியாட்டினின் 171 மைக்ரோமோல் வரை போய்த் திரும்பியது, டயாலிசிஸ் தேவைப்படவில்லை. திங்கள் மாலை சிறுநீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை வெளிர் மஞ்சள். மறு வியாழக்கிழமை வீட்டுக்குப் போனார்.

நான்கு மாதம் கழித்து

மறுசோதனைக்கு வழக்கமாக மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். இவருக்கு வேறொருவரின் அணுக்கள் ஏற்றியிருந்ததால் அவையும் வயது முடிந்து போகட்டும் என்று நான்கு மாதம் விட்டோம். இம்முறை அளவிட்டுப் பார்த்ததில் நொதியின் செயல்திறன் இயல்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எந்த மரபணு மாற்றம் என்று வரிசை பார்க்கவில்லை. தவிர்க்க வேண்டிய பட்டியல் அதனால் மாறப்போவதில்லை.

மருத்துவமனைக்கு அன்று குடும்பமே வந்திருந்தது. நோயாளிக்கு ஒன்பது வயதில் மகன், பன்னிரண்டு வயதில் மகள். எல்லோரும் மகனைப் பற்றியே கேட்டார்கள். மகனுக்கு அப்பாவின் எக்ஸ் போவதில்லை, அவனுக்கு இவரால் பயமில்லை என்றேன். மகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் அது கட்டாயம் போயிருக்கும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கிவிடுவதால், அவளுடைய சிவப்பணுக்களில் சில நல்லவை, சில குறையுள்ளவை. எந்தப் பங்கில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒளிர்ப்புள்ளிச் சோதனை இப்படிப்பட்ட பெண்களைப் பலமுறை தவறவிடும். நொதியை அளந்தே பார்க்க வேண்டும்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "என் வயித்துல இருந்து வந்ததா இது?" என்றார். தோட்டத்துக் காலத்தில் மலேரியாவில் செத்தவர்களைப் பற்றி அவரிடம் கேட்டேன். தாத்தா காலத்துக் கதைகள் அவருக்கு நிறையத் தெரியும். இந்த மரபணு மாற்றம் உலகில் மலேரியா இருந்த நாடுகளிலெல்லாம் பரவியிருப்பதற்குக் காரணம், அது மலேரியாவிலிருந்து ஓரளவு காத்தது என்பதுதான். "அப்போ உங்க வம்சம் இங்கே வந்து பொழைச்சதுக்கு அதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்மா" என்றேன். அவர் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. ஆனால் மடியிலிருந்த கைப்பையை அவிழ்த்து மிட்டாய் எடுத்துப் பேரனுக்குக் கொடுத்தார்.

அக்காவின் கேள்வி கடைசியில் வந்தது. அவருக்கு மகனோடு பத்தொன்பது வயதில் ஒரு மகளும் உண்டு. "முன்ன மாதிரி இருந்தா இவளைத் தம்பிக்குத்தான் கட்டிக் குடுப்போம்னு பாட்டி சொல்லும்" என்று சிரித்தார். நான் சிரிக்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறையுள்ள தாய்மாமன்; அக்கா மகளும் அதைச் சுமப்பவளாக இருந்தால், பிறக்கும் பெண்பிள்ளைகளில் பாதிக்கு இரண்டு எக்ஸிலும் குறை. பெண்களிடம் முழுக் குறைபாடு நேரும் வழிகளில் அது ஒன்று.

"அப்போ இவளுக்கும் பாக்கணுமா டாக்டர்?"

வியாழக்கிழமை காலை வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.